முப்பத்திரண்டு ஒன்றுகள்

தாவெட் அனுப்பிய திருத்தம் மூன்றே வரி.
அதற்கு அவர் எழுதிய விளக்கம் நாற்பது வரி.
இப்படி வந்தால் எனக்குப் பிடிக்கும்.
மறுதலையாக வந்தால்தான் பயம்.

தார்த்து நகரில் இரவு பதினொன்று.
பனி வழிக்கும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகிறது.
அடுப்படி மேசையில், கம்பளிக் காலுறையோடு,
ஒரு பிணைய அட்டையின் புலம்பலை வாசிக்கிறேன்:

பெறும் வரிசை நிரம்பி வழிந்தது.
அனுப்பும் வரிசை நின்றுவிட்டது.
நினைவகத்தில் பிழை.
கம்பி அறுந்தது.

எல்லாம் ஒரே நொடியில்.
எல்லாம் பொய்.

ஹீயுமா தீவின் படகுத்துறையில்
சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்குள் இருக்கிறது அந்தக் கணினி.
கடைசிப் படகு போனதும் தூங்கப் போகும்.
போகுமுன் அட்டையின் மின்சாரத்தை நிறுத்தும்.
நிறுத்திய பிறகும், பழக்கதோஷம்,
இயக்கி ஒருமுறை எட்டிக் கேட்கும்:
ஏதாவது கோளாறு உண்டா?

ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினால்
பதில் வராது. வன்பொருளில் அப்படியில்லை.
அங்கே இல்லாத ஒன்றைப் படித்தால்
முப்பத்திரண்டு இடத்திலும் ஒன்று வரும்.
ஒன்று என்றால் ஆம்.
இந்தக் கோளாறா? ஆம். அந்தக் கோளாறா? ஆம்.
எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற இன்மை.
இயக்கி பாவம், அதை நம்பி
ஒவ்வொன்றையும் சிவப்பில் எழுதி வைக்கிறது.

தாவெட்டின் விளக்கத்தில் ஒரு வரி, தேவையில்லாததுதான்:
இரவுப் பணிக்கு வரும் ஹெல்யு
எச்சரிக்கை விளக்கின் மேல்
பிளாஸ்திரி ஒட்டிவிட்டாராம்.
இரண்டு குளிர்காலம் ஆகிறது.

புலி வருது கதைதான். ஆனால் இங்கே
கத்தியவன் விளையாட்டுக்குக் கத்தவில்லை.
அவன் கண்ணுக்கு நிஜமாகவே
முப்பத்திரண்டு புலி தெரிந்தது.

சரி, திருத்தம்.
வந்ததெல்லாம் ஒன்றாக இருந்தால்
எதுவும் சொல்லாமல் திரும்பிவிடு.
கச்சிதம்.
சரிபார்த்தவர் என்று தட்டச்சி,
மாரிகா வரை வந்து
விரல் நின்றது.

பட்டப்பகலில், படகு கரையைத் தொடும் நேரத்தில்,
அட்டை உண்மையாகவே செத்துப்போனால்?
அப்போதும் இதே முப்பத்திரண்டு ஒன்றுதான்.
தூங்குகிறவனும் செத்தவனும்
ஒரே பதிலைச் சொல்கிறார்கள்.
இந்த மூன்று வரி இருவருக்குமே
போர்வையை முகம்வரை இழுத்துவிடுகிறது.

பெயரை அழித்தேன். எழுதினேன்:
தாவெட், நோயைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.
ஆனால் அட்டையைத் தூங்கவைத்தது நாமா என்று
முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.
நாம்தான் என்றால் பேசாமல் இருக்கலாம்.
இல்லையென்றால் சொல்லியே ஆக வேண்டும்,
ஒரு தடவை, ஒரே வரியில்:
அட்டையைக் காணவில்லை.
பிறகு, இரண்டாவது வரியின் தொடக்கத்தில்
தாவல் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளி.

அனுப்பிய பின் கூச்சமாக இருந்தது.
அந்த எட்டு இடைவெளியையாவது விட்டிருக்கலாம்.

மூன்று நாள் பதில் இல்லை.
அதைக் கோபம் என்று படித்தேன்,
அலட்சியம் என்று படித்தேன்,
வேலையை விட்டுவிட்டார் என்றுகூட,
எல்லா இடத்திலும் ஆம் போட்டுக்கொண்டு.

நான்காம் நாள் இரண்டாம் பதிப்பு வந்தது. ஏழு வரி.
மேலே ஒரே சொல்: காய்ச்சல்.

இழுப்பறையிலிருந்து அதே இனத்துப் பழைய அட்டை ஒன்றைத் தேடி
இருநூறு முறை தூங்கவைத்து எழுப்பினேன்.
பதிவேட்டில் ஒரு சொல் இல்லை.
பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே
பிடுங்கினேன்.

அட்டையைக் காணவில்லை.

ஒரு தடவை. அவ்வளவுதான்.
திரையைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஆறவிட்டேன்.

இந்த முறை பெயரை முழுதாக எழுதினேன்.
ஹெல்யுவின் பிளாஸ்திரியை யார் பிரிப்பது?
அந்த ஏழு வரியில் அது இல்லை.